ரிப்போட்டில் 0.9: கர்ப்பிணிக்கு அது நோர்மலா?

திருக்கோவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 29, முதல் பிள்ளை, இப்போது 14 வாரம். 17 வயதில் சலம் பிளேன்ரீ நிறத்தில் போய், பயொப்சி எடுத்துப் பார்த்து, ஐ.ஜி.ஏ நெஃப்ரோபதி, அதாவது ஐ.ஜி.ஏ என்ற புரதம் சிறுநீரக வடிகட்டிகளில் படியும் நோய், என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசை. கர்ப்பம் தெரிந்த அன்றே அதை நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் போன வருடம் 1.0. இப்போது 0.9, பிரஷர் 128/84, ஹீமோகுளோபின் 10.2, சலத்தில் புரதம் இரண்டு பிளஸ். "ரிப்போட்டில் 1.1 வரைக்கும் நோர்மல் என்றுதானே அக்கா அச்சடிச்சிருக்கு, போன வருஷத்தை விடக் குறைஞ்சும் இருக்கு. பிறகு ஏன் மட்டக்களப்புக்குப் போகச் சொல்லுறாங்க? மாமி வீணா அலையாத எண்டு சொல்லுறா" என்பது கேள்வி. மாமி ஆகாது என்கிறாவாம், தயிர் சாப்பிடலாமா என்று கடைசியில் ஒன்றும் கேட்டிருக்கிறார். அதற்கும் வருகிறேன்.

தங்கச்சி, போங்கள். அந்த அச்சடித்த நோர்மல் உங்களுக்கானது அல்ல. அது வயிற்றில் பிள்ளை இல்லாதவர்களுக்குப் போட்ட அளவு. கர்ப்பிணிக்கு வேறு கணக்கு இருக்கிறது. அதை ஆய்வுகூடக் கடதாசியில் யாரும் அச்சடிப்பதில்லை. நான் மருத்துவ வார்டிலும் சிறுநீரகக் கிளினிக்கிலும் கழித்த வருடங்களில் தாய்மாரிடம் அதிகம் சொன்ன வசனம் இதுவாகத்தான் இருக்கும்.

கருத்தரித்த சில கிழமைகளிலேயே, வாந்தி தொடங்குவதற்கு முன்னரே கூட, பெண்ணின் சிறுநீரகம் மாறத் தொடங்கிவிடும். கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் சுரப்பியில் இருந்து ரிலாக்ஸின் என்ற ஹோர்மோன் வரும். அது நைட்ரிக் ஒக்சைட்டைத் தூண்டி உடம்பு முழுக்க இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். சிறுநீரகத்துக்குள் போகும் சின்னக் குழாயும் விரியும், அதை விட்டு வெளியே வரும் குழாயும் விரியும். இரண்டு பக்கமும் விரிவதால் கூடுதல் இரத்தம் பாய்கிறது, ஆனால் வடிகட்டியின் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. இது மிக நுட்பமான ஏற்பாடு. நல்ல சிறுநீரகத்தில் வடிகட்டும் வேகம் பாதியளவு, அதாவது ஏறத்தாழ 50 சதவீதம், கூடிவிடும். சிறுநீரகம் நீளத்தில் கூட ஒரு சென்றிமீற்றர் அளவுக்குப் பெருக்கும்.

வேகம் பாதி கூடினால் இரத்தத்தில் இருக்கும் கழிவு குறைய வேண்டும். அதனால்தான் ஆரோக்கியமான கர்ப்பிணிக்குக் கிரியாட்டினின் 0.4 முதல் 0.8 வரைக்குள் இறங்கி நிற்கும். 0.87க்கு மேலே போனால், அதாவது 77 மைக்ரோமோலுக்கு மேலே, கர்ப்பத்தில் அது சந்தேகப்பட வேண்டிய அளவு. உங்களுக்குப் போன வருடம் 1.0. சிறுநீரகம் நன்றாக ஈடுகொடுத்திருந்தால் இந்த 14ஆம் வாரத்தில் 0.65, 0.7 என்று வந்திருக்கும். வந்ததோ 0.9. குறைந்ததே என்று சந்தோசப்படுவதற்கு முன், எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். இன்னொரு விஷயம், ரிப்போட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்று, கிரியாட்டினினை வைத்து வடிகட்டும் வேகத்தை ஊகிக்கும் ஒரு கணக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தச் சூத்திரம் கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது.

ஏன் ஈடுகொடுக்கவில்லை? நம்ம பக்கத்து ஆட்களுக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் இலகுவாக விளங்கும். மாரியில் உன்னிச்சைக் குளம் நிரம்பினால் வான்கதவுகளைத் திறப்பார்கள். எல்லாக் கதவும் வேலை செய்தால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் உயர்த்தினாலே போதும், வெள்ளம் ஒழுங்காக வடியும். சில கதவுகள் பழுது என்று வையுங்கள். மிச்சக் கதவுகளைக் கோடையிலேயே முழுக்கத் திறந்து வைத்துத்தான் சமாளித்திருப்பார்கள். பிறகு மார்கழி வெள்ளம் வரும்போது உயர்த்துவதற்கு இடம் ஏது? ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நாட்பட்ட நோயில் அவற்றில் ஒரு பகுதி தழும்பாகிவிடும். மிஞ்சியவை கர்ப்பத்துக்கு முன்னரே இரட்டை வேலை பார்க்கின்றன. உங்களுடைய 1.0 என்ற அளவு வெளியில் நல்லதாகத் தெரிந்தது, அந்த மிஞ்சிய வடிகட்டிகள் தாங்கிப் பிடித்ததால்தான். கர்ப்பம் வந்து இன்னும் கூட்டு என்று கேட்கும்போதுதான் கையிருப்பு எவ்வளவு என்று வெளியே வருகிறது. நோய் முற்றியவர்களில் அந்த உயர்வு நடப்பதே இல்லை. கிரியாட்டினின் இறங்காமலே நிற்கும், சிலருக்கு ஏறும்.

உங்கள் பிரஷரும் இதே கதைதான். 128/84ஐ யாரும் கூடுதல் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் குழாய்கள் தளர்வதால் கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை பிரஷர் இறங்கவேண்டிய காலம் இது. இறங்கவேண்டிய நேரத்தில் இறங்காமல் நிற்பது ஒரு செய்தி. நோய்ப்பட்ட சிறுநீரகம் உள்ளவர்களுக்குக் குழாய்களின் உட்சுவர் முன்னரே கெட்டியாகி, தளரச் சொல்லி வரும் ஹோர்மோனுக்குச் சரியாக மறுமொழி சொல்லாது. அதோடு எனலாப்ரிலும் நிறுத்தியாயிற்று. கர்ப்பத்தில் உடம்பு உப்பையும் தண்ணீரையும் தானாகவே பிடித்து வைக்கும், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை பெருகும். பிள்ளைக்கு அது வேண்டும். தளர்ந்த குழாய்க்குள் பெருகிய இரத்தம் போனால் பிரச்சினை இல்லை. தளராத குழாய்க்குள் போனால் பிரஷராகத்தான் வெளிப்படும்.

எனலாப்ரிலை நிறுத்தியது சரிதானா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். சரிதான். அந்தக் குளிசையும் அதே வேலை செய்யும் லொசார்டனும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தையே வளரவிடாமல் செய்யும், பனிக்குடத் தண்ணீரையும் குறைக்கும். கர்ப்பம் தெரிந்தவுடன் நிறுத்தியதால் நீங்கள் பிள்ளைக்குக் கெடுதல் செய்துவிட்டீர்கள் என்று நினைக்கத் தேவையில்லை. ஆனால் அது புரதம் கசிவதையும் அடக்கி வைத்திருந்த குளிசை. நிறுத்தியதும் கசிவு கூடும். இரத்த ஓட்டம் பெருகியதும் கூடும். ஆகவே இரண்டு பிளஸ் வந்தது உங்கள் நோய் திடீரென்று முற்றிவிட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது. அதற்குப் பதிலாகப் பிரஷருக்கு மெதில்டோபா, நிஃபெடிபின், லபெடலோல் என்று கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய குளிசைகள் உண்டு. சிறுநீரக நோய் உள்ள கர்ப்பிணிக்கு 135/85க்குக் கீழே வைத்திருப்பதைத்தான் இப்போதைய வழிகாட்டல்கள் சொல்கின்றன. நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள். மட்டக்களப்பில் முதல் நாளே இதைப் பற்றிப் பேசுவார்கள்.

புரதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கிளினிக்கில் குச்சியை நனைத்துப் பார்க்கும் பிளஸ் கணக்கு, சலம் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். சித்திரை வெயிலில் தண்ணி குடிக்காமல் பஸ்ஸில் வந்து கொடுத்த சலம் ஒரு பிளஸ் கூடுதலாகக் காட்டும். உங்களுக்குத் தேவையானது சலத்தில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். கர்ப்பத்தில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை போவதைச் சாதாரணமாக எடுப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று ஒரு எண்ணாகத் தெரிய வேண்டும். அந்த எண் இந்த மாதத்துக்குள் கிடைக்க வேண்டும்.

இந்த மாதத்துக்குள் என்று ஏன் நெருக்குகிறேன் என்றால், 20 வாரத்துக்குப் பிறகு வரக்கூடிய ஒரு ஆபத்து உங்கள் பழைய நோயின் முகத்தையே போட்டுக்கொண்டு வரும். பிரீ எக்லாம்சியா. சூல்வித்தகத்துக்கு, அதாவது நஞ்சுக்கொடிக்கு, போகும் குழாய்கள் ஒழுங்காக விரியாவிட்டால் அது சில பொருட்களைத் தாயின் இரத்தத்தில் கூடுதலாகக் கலக்கும். அவை தாயின் குழாய்ச் சுவரையும் சிறுநீரக வடிகட்டியையும் வீங்கவைக்கும். பிரஷர் ஏறும், புரதம் கசியும், கிரியாட்டினின் ஏறும். சிறுநீரக நோய் முற்றினாலும் இதே மூன்றும்தான். 32 வாரத்தில் ஒரு தாய் இந்த மூன்றோடும் வந்தால், இது பழைய நோயா, புது ஆபத்தா என்று வைத்தியர் முடிவெடுக்க வேண்டும். ஒன்றுக்குக் குளிசையைக் கூட்டிக் காத்திருக்கலாம். மற்றதற்குச் சில வேளை அன்றைக்கே பிள்ளையை எடுக்க வேண்டும். ஆரம்பத்து எண்கள் கையில் இருந்தால் அந்த முடிவு இலகு. இல்லாவிட்டால் இருட்டில் தடவுவதுதான்.

அப்படித் தடவிய ஒரு இரவு எனக்கு மறக்கவில்லை. படுவான்கரைப் பக்கத்துத் தாய் ஒருவர் 31 வாரத்தில் வலிப்போடு வந்தார். கிளினிக் கொப்பியில் 12ஆம் வாரத்துக் கிரியாட்டினின் 1.1 என்று எழுதி, பக்கத்தில் நோர்மல் என்று சரி போட்டிருந்தது. சின்ன வயதில் கிட்னி வருத்தம் இருந்தது என்று அவருடைய அம்மா விடியற்காலை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கலியாணப் பேச்சுக்காலத்தில் அதை மறைத்துவிட்டார்களாம். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. அந்தச் சரி அடையாளத்தை நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் உங்கள் கேள்வியைக் கண்டதும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் நிலை அந்தத் தாயின் நிலை அல்ல. நோய் உள்ளது என்று தெரிந்து, பயொப்சி முடிவு கையில் இருந்து, 14ஆம் வாரத்திலேயே அனுப்புகிறார்கள். சிறுநீரகம் இவ்வளவு வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலானோர் பிள்ளையைக் கையில் ஏந்தித்தான் வீட்டுக்குப் போகிறார்கள். சிறுநீரகமும் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது. உண்மையில் ஆபத்து பெரிதாவது வேறு படியில். 2007இல் இத்தாலியில் இருந்து 49 பெண்களைப் பார்த்து வெளிவந்த ஒரு ஆய்வு, வடிகட்டும் வேகம் 40க்குக் கீழே இருந்து, அதோடு நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதமும் போனவர்களுக்குத்தான் பிரசவத்தின் பின் சிறுநீரகம் வேகமாகக் கெட்டது என்று காட்டியது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் மற்றப் பெண்களை விட உங்களுக்குப் பிரீ எக்லாம்சியா, மாதம் நிறையாத பிரசவம், எடை குறைந்த பிள்ளை ஆகிய மூன்றுக்கும் வாய்ப்புக் கூட. அதைத்தான் குறைக்கப் பார்க்கிறோம்.

குறைப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, அதற்குத் திகதியும் இருக்கிறது. குறைந்த அளவு அஸ்பிரின். 75 மில்லிகிராமில் இருந்து 150 வரை, இரவில் ஒன்று. 12 வாரத்தில் தொடங்குவது நல்லது, 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். உங்களுக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது. நீங்களாக வாங்கிப் போடவேண்டாம், வேறு காரணத்தால் கூடாதவர்களும் உண்டு. ஆனால் வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

ஹீமோகுளோபின் 10.2. கர்ப்பத்தில் பிளாஸ்மா வேகமாகப் பெருகுவதால் இரத்தம் நீர்த்துக் காட்டுவது வழமை. கர்ப்பத்தின் இரண்டாவது மூன்று மாதக் காலத்தில் 10.5 வரை விட்டுவிடுவார்கள். உங்களுடையது அதற்கும் கீழே. சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொயட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. கர்ப்பத்தில் அது இரண்டு மடங்காக வேண்டும். நோய்ப்பட்ட சிறுநீரகத்தால் அந்த அளவுக்குப் போக முடிவதில்லை. எம்.ஓ.எச். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை ஒழுங்காக எடுங்கள். தேநீரோடு எடுக்காதீர்கள், கல்சியம் குளிசையோடும் சேர்க்காதீர்கள். இரும்புச் சத்து நிரம்பியும் ஏறாவிட்டால் எரித்ரோபொயட்டின் ஊசி இருக்கிறது, அது சூல்வித்தகத்தைத் தாண்டிப் பிள்ளையிடம் போகாது. விற்றமின் டீயைச் செயற்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைதான். உங்கள் கட்டத்தில் அது பெரும்பாலும் சமாளிக்கும்.

வாந்தியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். கர்ப்பத்தில் உடம்பு தாகத்தின் எல்லையையே கீழே இறக்கிவைக்கும். நல்ல சிறுநீரகம் தண்ணி குறைந்தால் சலத்தைக் கடுமையாக்கிச் சேமிக்கும். தழும்பேறிய சிறுநீரகத்தால் அது முடியாது. ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்து, வெயிலும் சேர்ந்தால் உங்கள் கிரியாட்டினின் ஒரே நாளில் ஏறலாம். தண்ணி தங்கவில்லை என்றால் அக்கரைப்பற்றோ கல்முனையோ, கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் சேலைன் ஏற்றுங்கள். சலம் எரிந்தாலும் அப்படித்தான். கர்ப்பத்தில் சலக்குழாய்கள், அதிலும் வலது பக்கம், தளர்ந்து அகலும். தேங்கும் சலத்தில் கிருமி ஏறி இடுப்பு நோவும் குளிர்காய்ச்சலும் வரும். எரிவு இல்லாமலே கிருமி இருக்கக்கூடும் என்பதால் இடைக்கிடை சலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை பண்ணச் சொல்வார்கள்.

நோவுக்கு டைக்ளோஃபெனாக் போன்றவை வேண்டவே வேண்டாம், பரசிற்றமோல் போதும். காமரங்காய், பிலிம்பிக்காய் இரண்டையும் இந்தக் காலம் முழுக்க ஒதுக்குங்கள். புளிப்புக்கு ஆசை வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவற்றில் உள்ள ஒக்சலேற் சிறுநீரகத்தை அடைத்து நல்ல ஆட்களையே வார்ட்டில் படுக்க வைத்திருக்கிறது. மாங்காய் சாப்பிடுங்கள், உப்பு அள்ளிப் போடாமல்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு விஷயம். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கம், வட மத்தியில் பரவியிருக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. அது தொடக்கத்தில் வடிகட்டியை அல்ல, அதற்கு அடுத்த குழாய்களைத்தான் தாக்கும். அதனால் சலத்தில் புரதம் பெரிதாக வராது, பிரஷரும் ஏறாது. குச்சி சுத்தமாக இருக்கும். அந்தப் பக்கங்களில் பிறந்து வளர்ந்த, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உள்ள கர்ப்பிணி, குச்சியோடு நிறுத்தாமல் இரத்தத்தில் கிரியாட்டினினும் ஒருமுறை பார்க்கக் கேட்பது நல்லது. அடுத்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் உள்ள பெண்களும் சிறுநீரகம் மாற்றியவர்களும். உங்களுக்குப் பிள்ளைக்குத் தடை என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் நாள் பார்த்து உண்டாக வேண்டும். லூபஸ் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும். இந்த இரு சாராருக்கும் கொடுக்கும் மைக்கோஃபெனோலேற் குளிசை பிள்ளைக்கு ஊனம் உண்டாக்கும், அதை முன்கூட்டியே நிறுத்தி அசத்தியோப்ரினுக்கு மாற வேண்டும். கர்ப்பம் தெரிந்த பிறகு மாற்றுவது பிந்திய வேலை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் பிள்ளை பிறக்கிறது. ஆனால் வழமையான வாரத்துக்கு 12 மணித்தியாலம் போதாது. 2014இல் வெளிவந்த கனடா ஆய்வில், நேரம் கூடக் கூடப் பிள்ளை உயிரோடு பிறப்பதும் கூடியது, 36 மணித்தியாலத்துக்கு மேல் செய்தவர்களில் அது மிக அதிகம். அது நம் பக்கத்தில் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

இனி உங்கள் மாமிக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவது, அங்கே மகப்பேற்று வைத்தியரும் மருத்துவ நிபுணரும் மாதம் நிறையாத பிள்ளையைப் பார்க்கும் பிரிவும் ஒரே மதிலுக்குள் இருப்பதால். 28 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கானில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மாதத்துக்கு முன் எடுக்க வேண்டி வந்தால் பிள்ளையின் நுரையீரலுக்கு முதலே ஊசி போடவேண்டும். வழியில் அம்புலன்ஸில் நேரம் போகக்கூடாது. மாமியையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் வாயால் கேட்டால் அவவே அடுத்தமுறை பையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நிற்பா.

போகும்போது 17 வயதுப் பயொப்சி ரிப்போட், போன வருடத்து 1.0, இப்போதைய கடதாசிகள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். பிரசவ அறைக்குப் போகும் நாளிலும் அந்த ஃபைல் கூட வர வேண்டும். எந்தத் தாதி வந்தாலும் எனக்குக் கிட்னி வருத்தம் என்று முதலில் சொல்லுங்கள். வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மக்னீசியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், உங்களுக்கு அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சேலைனும் அப்படித்தான். கூடினால் நுரையீரலில் நீர் கட்டும். காலை எழும்பும்போது முகம் ஊதியிருந்தால், விடாத தலையிடி வந்தால், கண்ணுக்கு முன் பொறி பறந்தால், மேல் வயிறு நொந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் போங்கள்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று விடுபவர்கள் அதிகம். பிரஷர் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பிறந்த மூன்றாம் நாளில் இருந்து ஆறாம் நாளுக்குள், நீங்கள் வீட்டுக்கு வந்து பேறுகாலக் காய மருந்து குடிக்கும் நாட்களில். மிட்வைஃப் மிஸ் வரும்போது பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணி குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது வேண்டாம். என்ன போட்டது என்று தெரியாத கஷாயமும் வேண்டாம். பால் கொடுக்கும்போது எனலாப்ரிலைத் திரும்பத் தொடங்கலாம், வைத்தியர் பிள்ளையின் எடையையும் மாதத்தையும் பார்த்துச் சொல்வார். ஆறாம் கிழமையிலும் மூன்றாம் மாதத்திலும் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் எங்கே வந்து நின்றது என்று அறியவேண்டும். அது தெரியும் வரை அடுத்த பிள்ளை வேண்டாம். இரண்டு ஹோர்மோன் கலந்த குளிசை உங்களைப் போலப் பிரஷரும் புரதமும் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. லூப், கையில் வைக்கும் ஜடேல் போன்றவற்றைப் பற்றிக் கேளுங்கள்.

தயிர் விஷயம். கிட்னி வருத்தக்காரருக்குத் தயிர் ஆகாது என்று மாமி சொன்னது, நோய் முற்றி பொஸ்பரசும் பொட்டாசியமும் இரத்தத்தில் தேங்கியவர்களைக் கண்டுவிட்டுச் சொன்னதாக இருக்கலாம். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இப்போது தேவையில்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள், எருமைத் தயிரைக் குறைக்க வேண்டாம். மத்தியானம் ஒரு கோப்பை சாப்பிடுங்கள். பிள்ளைக்குப் புரதமும் கல்சியமும் வேண்டும்.